ஓவனில் காத்திருக்கும் சாதம்

வாட்ஸ்அப் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஓவனில் வைத்த சாப்பாட்டால் கணவருக்குப் புற்றுநோய் வருமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓவனால் உங்கள் கணவருக்குப் புற்றுநோய் வராது. உங்கள் வீட்டில் இருப்பது கம்பிச்சுருள் சூடேறும் மின் ஓவன். அதிலிருந்து வருவது வெறும் வெப்பம். அந்த வாட்ஸ்அப் காணொளியை அழித்துவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தை உள்ளே வைப்பதாலும் கெடுதல் இல்லை.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மாலை 6 மணிக்கு வடித்த சாதத்தையும் கோழிக் குழம்பையும், சூடாக்கி அணைத்த ஓவனுக்குள் வைக்கிறீர்கள். அவர் 11 மணிக்குச் சாப்பிடுகிறார். சென்ற மாதம் இரண்டு முறை நள்ளிரவில் வாந்தி.

அணைத்த ஓவன் மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும். உணவின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இன்னும் ஆறினால், இட்லி மாவு பொங்குவதற்கு நாம் தேடுகிற அதே வெதுவெதுப்பு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். உலை கொதித்தாலும் அவற்றில் சில பிழைத்துக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ‘திரும்பச் சூடாக்கித்தானே பரிமாறினேன்’ என்கிறீர்கள். அந்த நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அழியாது. குழம்பில் வளரும் கிருமி வேறு, அதற்கும் 45 டிகிரி என்றால் கொள்ளைப் பிரியம்.

ஓவனை அணைக்காமல் 100 டிகிரியில் விட்டு, பாத்திரத்தை மூடி வைத்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சமாளிக்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு அது சரிப்படாது. சமைத்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அவர் வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். மிஞ்சியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

இந்த வாந்தி பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் இதற்கு ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருப்பது ஏற்கெனவே உண்டாகிவிட்ட நஞ்சு. அந்த மாத்திரையை விழுங்கச் சொன்னது யார்? உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுத்தாலே போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீரை. எட்டு மணி நேரமாகப் போகவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர் என்கிறீர்கள்; அப்படிப்பட்டவருக்கு உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சீக்கிரமே அடிவாங்கும். போகும்போது அந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கடைக்காரர் கொடுத்ததையும் சேர்த்து, எடுத்துப் போங்கள்.