கொம்பில் புதைத்த சாணத்துக்கா இந்த விலை? தம்பியின் மலைத்தோட்டத்தில் நான் கண்டது

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு கடையில் "குளிர்மலை ஒயின், பயோடைனமிக்" என்று எழுதிய புட்டிக்கு 58 வெள்ளி கேட்கிறார்கள். மாட்டுக்கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து, நிலவைப் பார்த்து விவசாயம் செய்வார்களாம். மூடநம்பிக்கைக்கா இவ்வளவு விலை?

நீங்கள் அந்தப் புட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, அதில் பாதி விலைக்கு வேறொன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் "மூடநம்பிக்கை" என்ற சொல்லைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சாணக் கரைசலை ஒரு மணி நேரம் நின்று கலக்கியவள் நான்.

முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் குடிக்கத் தூண்டவில்லை. குடும்பத்தில் மதுவால் துன்பப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரியும். அடுத்து, நான் சொல்லப்போவது என் தம்பியின் தோட்டம் என்பதால் இதை விளம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். அவனுடைய ஒயின் சிங்கப்பூரில் எங்கும் விற்பனைக்கு வருவதில்லை, தோட்டத்தின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் அப்பா தமிழ்நாட்டின் கம்பம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். பன்னீர்த் திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்தவர் என்பதால் திராட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அந்தப் பித்து தம்பிக்கு ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊருக்கு வெளியே, கனோபோலஸ் மலைச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மூன்று ஹெக்டேர் வைத்திருக்கிறான். அந்த மலை 1,395 மீட்டர் உயரமுள்ள, அணைந்துபோன எரிமலை. "ஆரஞ்சு" என்ற வட்டாரப் பெயரைப் புட்டியில் போட வேண்டுமென்றால் திராட்சை 600 மீட்டருக்கு மேல் விளைந்திருக்க வேண்டும். உயரத்தை வைத்தே எல்லை வகுத்த வட்டாரம் அது.

உயரம் ஏன் முக்கியம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சுமார் 0.6 பாகை குறையும். இரவு குளிர்ந்தால், பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் மெதுவாகவே கரையும். வெப்பமான இடத்தில் பழம் இனிப்பு ஏறுவதற்குள் அதை எரித்துத் தீர்த்துவிடும். நான் பாலிடெக்னிக் ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். 2019 மார்ச்சில் அறுவடைக்குப் போனபோது, தம்பியின் ஷார்டனே (வெள்ளை ஒயினுக்கான திராட்சை வகை) சாற்றையும், தாழ்வான நிலத்திலிருந்து அவன் நண்பர் கொடுத்தனுப்பிய ஷார்டனே சாற்றையும் சமையலறை மேசையில் வைத்துச் சோதித்தேன். இரண்டிலும் சர்க்கரை ஏறத்தாழ ஒரே அளவு. புளிப்பை அளக்க, நிறங்காட்டி கலந்த சாற்றில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம்; அமிலம் தீர்ந்ததும் சாறு இளஞ்சிவப்பாகும். நண்பரின் சாறு சீக்கிரமே இளஞ்சிவப்புக்கு மாறிவிட்டது. தம்பியின் சாறோ, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரம் இறங்க இறங்க, நிறம் எட்டிப் பார்த்து மறைந்துகொண்டே இருந்தது. "கம்பத்துல கொடி தூங்குறதே இல்ல அக்கா, இங்க நாலஞ்சு மாசம் இலையுதிர்த்துத் தூங்குது, விடிஞ்சு எழுந்த பிறகும் அவசரமே படாது" என்றான். நீங்கள் கேட்ட "குளிர்மலை" என்ற சொல்லுக்குப் பொருள் அந்தப் புளிப்புதான். அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இனி கொம்புக்கு வருகிறேன். ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் 1924 ஜூனில், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், விவசாயிகளுக்காக ஆற்றிய எட்டு உரைகளிலிருந்து தொடங்கியது இந்த பயோடைனமிக் முறை. (நம் முன்னோரிடமிருந்து வெள்ளைக்காரர்கள் திருடியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.) பசுஞ்சாணத்தைப் பசுவின் கொம்பில் அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, வசந்தத்தில் எடுப்பார்கள். இதை 500 ஆம் எண் தயாரிப்பு என்பார்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில் தம்பி கொம்புகளைத் தோண்டியபோது நான் உடன் இருந்தேன். ஒரு கொம்பைப் பலகையில் தட்டினான். கறுத்து, பிசைந்த களிமண்ணைப்போல ஒரு உருண்டை வழுக்கி விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சாண நாற்றம் கொஞ்சமும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த தோப்பின் வாசனைதான் வந்தது. ஏக்கருக்கு ஒரு கைப்பிடிகூட ஆகாது. அதை வெதுவெதுப்பான நீரில் இட்டு, ஒரு திசையில் சுழி விழும்வரை சுற்றி, சட்டென்று எதிர்த்திசையில் திருப்பி, மறுபடியும் சுழி விழும்வரை சுற்றி, இப்படியே ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். "நீங்க நம்ப வேணாம் அக்கா, கை வலிக்குதான்னு மட்டும் பாருங்க" என்றான். வலித்தது. அந்தியில் வரிசை வரிசையாக நடந்து மண்ணில் தெளித்தோம்.

அந்தக் கொம்புக்குள் அண்ட சக்தி இறங்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். கலிபோர்னியாவில் மெர்லோ என்ற திராட்சை வகை வளரும் ஒரு தோட்டத்தில், இந்தத் தயாரிப்புகளை இட்ட பகுதியையும் இடாத பகுதியையும், இரண்டையும் இயற்கை முறையிலேயே பராமரித்து ஒப்பிட்ட ஆய்வு 2005 இல் வெளிவந்தது. முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதே அதன் முடிவு. ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழித்த நான் அதை மறைக்கமாட்டேன். ஆனால் உங்கள் கேள்வி விலையைப் பற்றியது. விலை எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த மாதம் நான் தெரிந்துகொண்டேன்.

அந்த 2022 நவம்பரில் மழை விடவே இல்லை. ஆரஞ்சுக்கு மேற்கே யூகௌரா என்ற சிற்றூரை நவம்பர் 14 அன்று வெள்ளம் அடித்துப்போட்டது. மழை ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு அங்குள்ள திராட்சை விவசாயிகளிடம் ஒரு கணக்கு உண்டு: 24 மணி நேரத்துக்குள் 10 மில்லிமீட்டர் மழை பெய்து, வெப்பம் 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால் நோய் தொற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தொற்று வந்த பிறகும் இலைக்குள் ஊடுருவி வேலை செய்யும் மருந்தை அடித்தார். பயோடைனமிக் விதிப்படி தம்பிக்கு அதற்கு அனுமதி இல்லை. அவனிடம் இருந்தது தாமிரமும் கந்தகமும் மட்டும். தாமிரம் இலையின் மேல் படிந்து காக்குமே தவிர, உள்ளே போன நோயைத் துரத்தாது, மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தாமிரமும் மண்ணில் தங்கும் உலோகம்தானே என்று கேட்பவர்களுக்கு: ஆம், தங்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

டிராக்டர் சேற்றில் இறங்க முடியவில்லை. தம்பியும் அவன் மனைவியும் இரண்டு வேலையாட்களும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மழை விட்ட இடைவெளியிலெல்லாம் சரிவில் ஏறி இறங்கினார்கள். நிலவை வைத்து நாள் பிரிக்கும் பயோடைனமிக் நாட்காட்டியில் இன்று வேர் நாளா பழ நாளா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. நான் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன். மேலே எண்ணெய்ச் சொட்டு விழுந்ததுபோல் மஞ்சள் பொட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு. ஒருநாள் மாலை, சிவப்பு ஒயினுக்கான பினோ நுவார் திராட்சைப் பகுதியின் கடைசி வரிசையில் தம்பி உட்கார்ந்துவிட்டான். இன்னும் மலராத பூங்கொத்துகள் பழுப்பேறி அவன் கையில் உதிர்ந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து, தன்னிடம் மருந்து மிச்சம் இருக்கிறது என்று அன்பாகத்தான் சொன்னார். தம்பி நன்றி சொல்லி அனுப்பிவிட்டான். 2023 அறுவடையில் வழக்கமாக நான்கு டன் தரும் பினோ நுவார் ஒன்றரை டன்தான் தந்தது.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2022 தீபாவளிக்கு நான் சிங்கப்பூரில் இல்லாததைக் கேட்ட உறவினர் ஒருவர், "தம்பி சாராயம் காய்ச்சுற இடத்துக்கா போனீங்க?" என்று சிரித்தார். விடியற்காலையில் முதுகு கன்றிப்போக நடப்பவனின் வேலையை அவர் பார்த்ததில்லை. அதைவிடவும் என்னை வருத்துவது சில கடைக்காரர்கள்தான்: பயோடைனமிக் ஒயினில் சல்ஃபைட்டே (கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) இல்லை, தலைவலி வராது, உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். நொதிக்கும்போதே ஈஸ்ட் கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும். அளவோடு சேர்க்கவும் அந்த முறையில் அனுமதி உண்டு. இது மது, மருந்து அல்ல.

இப்போது உங்கள் 58 வெள்ளி. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை, அதிலுள்ள மதுசாரத்தின் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 12.5 விழுக்காடு மதுசாரமுள்ள 750 மில்லி புட்டிக்கு 8 வெள்ளி 25 காசு வரும். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. இந்தத் தீர்வை மலிவான ஒயினுக்கும் விலையுயர்ந்த ஒயினுக்கும் ஒன்றுதான். ஆகவே நீங்கள் கண்ட வேறுபாட்டில் வரிக்குப் பெரிய பங்கு இல்லை. கப்பல், கடை வாடகை, கடைக்காரரின் லாபம் போக, எஞ்சியதில் பெரும்பகுதி, களைக்கொல்லி இல்லாமல் மண்வெட்டி பிடித்த கூலியும், ஒன்றரை டன் வந்த ஆண்டை நான்கு டன் வந்த ஆண்டு தாங்கிக்கொள்வதற்கான பணமும்தான். கொம்பும் சாணமும் அதில் சில காசுகள்கூட ஆகாது.

மறுமுறை அந்தக் கடைக்குப் போனால், விளைந்த ஆண்டு எது, எவ்வளவு உயரத்தில் விளைந்தது, அந்த ஆண்டு மழை எப்படி என்று கேளுங்கள். பதில் தெரியாமல் நிலவைப் பற்றி மட்டும் பேசினால் நீங்கள் 58 வெள்ளி கொடுக்க வேண்டாம். வாங்கினால், சிவப்பு ஒயினாக இருந்தாலும் நம் அடுக்குமாடி வீட்டு வெப்பத்தில் மேசை மேல் வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். தம்பி கொடுத்த 2023 பினோ நுவார் புட்டி ஒன்று இப்போதும் என் வீட்டில் காய்கறித் தட்டில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அவன் தைப்பொங்கலுக்கு வரும்போது திறப்பதாக இருக்கிறோம்.