கார்டிலிருந்து ஸ்வீப்: காலை விடுங்கள், கையைப் பாருங்கள்

கேள்வி: தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை ஆறு மாதமாகக் கற்கிறேன். கீழே கார்டில், அதாவது எதிராளியை என் கால்களுக்கிடையில் வைத்துப் படுத்திருக்கும்போது, என்னைவிடக் கனமானவர்களை ஸ்வீப் செய்யவே (கவிழ்த்து மேலே வரவே) முடியவில்லை. காலில் பலம் போதவில்லையா?

கால் பலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் எடை 61 கிலோ. எங்கள் வகுப்பில் 94 கிலோவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முதல் எட்டு மாதம் அவரை சிசர் ஸ்வீப்பில் (இரு கால்களையும் கத்தரிக்கோல்போல் எதிரெதிராக வீசி வெட்டுவது) கவிழ்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலை வெட்டுவேன், வெட்டுவேன், மனிதர் ஆட்டுக்கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருப்பார். போதாக்குறைக்கு "என்ன தம்பி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பார்.

ஒருநாள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவர் வலது கை எங்க இருக்குன்னு பாத்தியா?" என்றார். பார்த்தேன். பாயில் ஊன்றியிருந்தது. நான் காலை வெட்டும் ஒவ்வொரு முறையும், அவர் சாய வேண்டிய அதே பக்கத்தில் அந்தக் கை போய் ஊன்றிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக முட்டுக்கொடுத்த சுவரைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டிபோட்டு இருப்பவருக்கு இரண்டு முட்டி, இரண்டு கை என்று நான்கு கால்கள். ஒரு பக்கத்துக் கையையும் முட்டியையும் முடக்கிவிட்டு அந்தப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த அடிப்படை ஸ்வீப்புகள் எல்லாமே இதன் வேறு வேறு வடிவங்கள்தான்.

சிசர் ஸ்வீப்பையே எடுத்துக்கொள்வோம். என் வலது கை அவருடைய வலது காலருக்குள் ஆழமாகப் போகிறது. இடது கை அவருடைய வலது கைச்சட்டை நுனியை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது பிடிதான் உயிர்நாடி. அது நழுவினால் ஸ்வீப் முடிந்தது, மேற்கொண்டு முயலாதீர்கள். அடுத்து இடுப்பை நகர்த்தி இடது விலாவில் ஒருக்களித்துப் படுக்கிறேன். முதுகு முழுக்கப் பாயில் ஒட்டியிருந்தால் எதுவும் நடக்காது. வலது கீழ்க்கால் அவர் வயிற்றுக்குக் குறுக்கே, இடது கால் பாயோடு படிந்து அவருடைய வலது முட்டிக்கு வெளியே அணைகட்டினாற்போல.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். வெட்டுவதற்கு முன் இழுக்க வேண்டும். காலரை என் தலைப்பக்கமாக இழுக்கும்போது அவர் எடை முட்டியிலிருந்து கிளம்பி என் கீழ்க்காலில் ஏறும். அந்தக் கனம் தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோல். ஜூடோக்காரர்கள் இந்த நிலைகுலைப்பை குசுஷி என்பார்கள். அதைச் செய்யாமல் வெறுமனே காலை வெட்டினால் தொடை வலிதான் மிச்சம்.

சரி, அவர் குதிகாலில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தே இருந்தால்? சிசரை மறந்துவிடுங்கள். பின்னால் போகிறவரைப் பின்னாலேயே அனுப்புங்கள். அதற்குத்தான் ஹிப் பம்ப்: ஒரு கையைப் பின்னால் ஊன்றி எழுந்து, மற்றக் கையை அவர் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் அவர் கையைச் சுற்றிப் பிடித்து, இடுப்பால் இடித்துத் திருப்புவது. விழாமல் இருக்கக் கையைப் பாயில் ஊன்றினால் அந்தக் கை கிமுரா என்ற தோள்பூட்டுக்கு. உங்களைத் திரும்பப் படுக்க வைக்கத் தலையை முன்னால் தள்ளினால் கழுத்து கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புக்கு. கனமான ஆட்களிடம் எனக்கு அதிகம் பலித்தது இந்தக் கூட்டணிதான். ஒற்றை ஸ்வீப்பை நம்பிப் போனால் அவர்கள் காத்திருந்தே அதைக் கெடுத்துவிடுவார்கள்.

எடையைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். ஜியு-ஜிட்சு வீரர் மார்செலோ கார்சியாவின் பழைய போட்டிகளைப் பாருங்கள். ஏடிசிசி என்ற உலக அளவிலான மல்லுக்கட்டுப் போட்டியில் 77 கிலோ பிரிவில் 2003, 2005, 2007, 2011 என நான்கு முறை வென்றவர், எடை வரம்பில்லாத பிரிவிலும் இறங்கியவர். அவருடைய பட்டர்ஃபிளை கார்டில் (இரு பாதங்களையும் எதிராளியின் தொடைகளுக்குள் கொக்கிபோல் வைப்பது) மல்லாந்து படுக்கும் வேலையே இல்லை. எழுந்து உட்கார்ந்து, தலையை எதிராளியின் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் அக்குளுக்கடியில் கையை நுழைத்து, மறுபக்கக் கையை முடக்கி, முடக்கிய பக்கமாகவே சாய்வார். நேர் பின்னால் விழுந்தால் எதிராளி உங்கள் மேல் வந்து சரிவார், எனக்கு ஒருமுறை அப்படி விலா எலும்பு மூன்று வாரம் வலித்தது.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால்: ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி ஸ்வீப்புக்கு 2 புள்ளி. ஆனால் மேலே வந்து 3 நொடி நிலைக்க வேண்டும். தொடக்கமும் கார்டிலோ ஹாஃப் கார்டிலோ (எதிராளியின் ஒரு காலை மட்டும் கால்களுக்கிடையில் பிடித்திருப்பது) இருந்திருக்க வேண்டும். மவுண்டில் (எதிராளி உங்கள் உடல்மேல் கால்பரப்பி உட்கார்ந்திருக்கும் நிலை) மாட்டி, இடுப்பைத் தூக்கிப் பாலம்போட்டுப் புரட்டினால் புள்ளி கிடையாது, உயிர் தப்பியதோடு சரி.

அந்த 3 நொடியை நான் கற்றதும் அண்ணனிடம்தான். கைச்சட்டையை விடாமல் பிடித்து, இழுத்து, வெட்டிய முதல் நாள் அவர் சத்தமே இல்லாமல் கவிழ்ந்தார். 94 கிலோ எங்கே போனதென்றே தெரியவில்லை. மவுண்டில் உட்கார்ந்து பயிற்சியாளர் பார்த்தாரா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என்னைப் புரட்டிப் போட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் அந்த வலது கையை அவர் தருவதே இல்லை, விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்காருகிறார். அதனால் எனக்கு ஹிப் பம்ப் நன்றாகப் பழகிவிட்டது.