பவளத் தொட்டியைப் பெரிதாக்கும்போது எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளத் தொட்டி) வைத்திருக்கிறேன். பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டேங் மீன். எல்லாம் நன்றாக இருக்கின்றன. இப்போது 120×60×60 செ.மீ. தொட்டிக்கு மாறப் போகிறேன். புதுத் தொட்டி ஆறு வாரம் ‘சைக்கிள்’ ஆக வேண்டும் (கழிவை மாற்றும் பாக்டீரியா வளரும்வரை காத்திருக்க வேண்டும்), புது கற்களும் பாக்டீரியா பாட்டில்களும் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வது சரி. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் இரண்டு வார வேலை இருக்கிறது.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் அதிகம் இருப்பதில்லை. நான்கு வருடமாக உங்கள் கற்களின் துளைகளுக்குள் குடியிருக்கிறது. கல் போகும் இடத்துக்கு அதுவும் கூடவே போகும். மீன்களும் அதே மூன்றுதான், எனவே கழிவின் அளவும் மாறப் போவதில்லை. ஆறு வாரம் காத்திருப்பது இப்படிப் பாக்டீரியா குடியேறிய ‘உயிருள்ள கல்’ எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு உரியது. ஒரு பாக்டீரியா பாட்டிலை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

இடம் நிரப்பக் கூடுதல் கல் வேண்டுமென்றால் உலர்ந்த கல்லை முன்பே வாங்கி, தனி டிரம்மில் உப்பு நீரில் ஊறப்போடுங்கள். சில கற்களிலிருந்து பாஸ்பேட் (பாசியை வளர்க்கும் சத்து) கசியும். நீரைச் சோதித்து, அது அடங்கிய பிறகு தொட்டியில் வையுங்கள்.

பழைய மணலை மட்டும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். என் தொட்டியை மாற்றியபோது நான் செய்த தவறு அதுதான். மேலே பார்க்க வெள்ளையாக இருக்கும் மணலின் அடியில் நான்கு வருடக் கழிவு படிந்திருக்கும். காற்றுப் புகாத அடுக்கில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கலாம். கிளறினால் எல்லாம் ஒரே நேரத்தில் நீரில் கலக்கும். அன்று இரவு மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. புது மணல் வாங்கி, நன்றாகக் கழுவிப் போடுங்கள். பழைய மணலில் மேல்பரப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூவினால் போதும்.

பழைய தண்ணீருக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கலங்குவதற்கு முன்பு மேலிருந்து தெளிவாக எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கொட்டிவிடலாம். புது நீர் சுமார் 300 லிட்டர் தேவைப்படும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ. இதுவரை வாங்கிய அதே உப்பையே வாங்குங்கள். சில உப்புகளில் ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 11, 12 டிகேஹெச் வரை இருக்கும்; டிகேஹெச் என்பது அதை அளக்கும் அலகு. உங்கள் தொட்டி 8-ல் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் திடீர் ஏற்றத்தில் அக்ரோபோரா என்ற பவளத்தின் நுனிகள் கருகிவிடும். புதுத் தொட்டி வேறு இடத்தில் நிற்கப் போகிறதென்றால், அதிலேயே உப்பைக் கலக்கலாம். ஹீட்டரும் வேவ்மேக்கரும் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) ஒரு நாள் முழுக்க ஓடட்டும். வெப்பம் 25-26 டிகிரி, உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). இரண்டு தொட்டிகளிலும் அளவுகள் ஒத்துப்போன பிறகு மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால் தொட்டியைச் சோதிக்க வேண்டும். நீர் மட்டும் 430 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட், சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும். தரை தாங்குமா என்று பார்த்து, ஸ்பிரிட் லெவல் வைத்து ஸ்டாண்டைச் சமன் செய்யுங்கள். சாதா தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் நீர் முழுவதும் சம்புக்குள் அடங்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் வீட்டுக்குள் வெள்ளத்தைப் பார்க்கிறார்கள். வாரண்டியில் ஒட்டுகள் கசிந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றும் நாளில் முதலில் பவளங்கள், பிறகு கற்கள், கடைசியில் மீன்கள். கல் இருக்கும்வரை அந்த மஞ்சள் டேங் மீனைத் துரத்திப் பிடிக்க நினைக்காதீர்கள், அதற்கும் உங்களுக்கும் களைப்புதான் மிஞ்சும். மீன் வாளியில் ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) ஹீட்டரும் இருக்கட்டும். கற்கள் நீரிலேயே இருக்க வேண்டும். ஜோவா, பேலித்தோவா என்ற பவள வகைகள் ஒட்டிய கல்லைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் பேலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். அந்தக் கல்லை வெந்நீரில் போடவோ பிரஷ் வைத்துத் தேய்க்கவோ வேண்டாம். ஆவியும் தெறிப்பும் உள்ளே போனால் மருத்துவமனைதான்.

அப்புறம் விளக்கு. புது விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்தால் பவளம் வெளுத்துவிடும். பாதியில் தொடங்கி, நான்கு வாரத்தில் கூட்டுங்கள். முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள், உணவைக் குறையுங்கள். இடம் இருக்கிறதே என்று புது மீன் வாங்க ஒரு மாதமாவது பொறுங்கள்.

கேள்வி: பழைய தொட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விற்பவரிடம் ஒன்றை முதலில் கேளுங்கள்: இதில் செம்பு மருந்து போட்டிருக்கிறீர்களா? மீன் நோய்க்குப் போடும் அந்தச் செம்பு நத்தை, இறால், பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். ‘ஆமாம்’ என்றாலோ, ‘தெரியாது’ என்றாலோ ரீஃபுக்கு அந்தத் தொட்டி வேண்டாம். பிறகு ஒட்டுகளைப் பாருங்கள். உள்ளே குமிழிகள், உரிந்த சிலிக்கான், மூலையில் சிறு விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். துளை போட வேண்டிய தொட்டியானால் கண்ணாடி டெம்பர் செய்ததா (சூடாக்கிக் கடினப்படுத்தியதா) என்று விசாரியுங்கள். டெம்பர் கண்ணாடியில் துளை போட்டால் தொட்டி முழுவதும் தூளாகும்.