இருமினால் இடமில்லை, சீனிக்கு மூன்று ரெக்ஸ்ட்

தம்பி, நீர் எழுதினதைச் சுருக்கினால் இதுதான். இரண்டு கிழமையாக விடாத வறட்டு இருமல். காலை எட்டு மணிக்கு சேர்ஜரிக்கு, அதுதான் இங்கே இங்கிலாந்தில் நாங்கள் பதிந்திருக்கிற குடும்ப டொக்டரின் கிளினிக்குக்கு, போன் எடுத்தால் வரிசையில் இருபத்தேழாவது ஆள், உம்முடைய முறை வரும்போது "இண்டைக்கு முடிஞ்சுது". ஆனால் சீனி வருத்தத்துக்கு சோதனைக்கு இரத்தம் குடுக்க வா, பாதத்தைக் காட்ட வா என்று அதே சேர்ஜரியில் இருந்து ஒரு மாதத்தில் மூன்று ரெக்ஸ்ட். "இவை காசுக்காகத்தான் கூப்பிடுகினமோ அண்ணை?" என்று கேட்டிருந்தீர்.

ஓம், காசும் இருக்குது. ஊரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, போனால் ஆளுக்கு இவ்வளவு என்று டொக்டருக்குக் காசு. இங்கே நீர் வருசத்தில் பத்துத் தரம் இருமிக்கொண்டு போனாலும் ஜீபிக்கு, அதாவது குடும்ப டொக்டருக்கு, அதற்கென்று தனிக்காசு கிடையாது. பதிவில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கை, வயது, வருத்தம் எல்லாம் கணக்குப் பார்த்து வருகிறதுதான் பெரும்பங்கு. அதற்கு மேலே வருகிறதுதான் புள்ளிக்காசு.

இந்தப் புள்ளித் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கினது. டொக்டர்மார் அதைக் 'குவோஃப்' (QOF, Quality and Outcomes Framework) என்பார்கள். தொடக்கத்தில் 146 அளவுகோல்கள், மொத்தம் 1050 புள்ளிகள். சலரோகக்காரரில், அதுதான் சீனி வருத்தக்காரரில், எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்குது, எத்தனை பேரின் காலைப் பார்த்தாச்சு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு பவுண்ஸ். முக்கால்வாசிப் புள்ளிதான் எடுப்பார்கள் என்று அரசாங்கம் கணக்குப் போட, முதல் வருசமே சராசரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேலே போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பழைய சோதனைப் பேப்பர் பார்த்துப் படிச்ச பெடியள் மாதிரித்தான். ஸ்கொட்லாந்து 2016இல் இதைக் கைவிட்டது. இங்கிலாந்தில் புள்ளிகள் குறைந்தாலும் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

உமக்கு வந்த ரெக்ஸ்டுகளின் கதை இதில்தான். கணக்கு வருசம் மார்ச் 31இல் முடியும். அதனால் தை பிறந்தால் அவர்களுக்கு அவசரம். அழைத்தும் நீர் போகாவிட்டால் உம்மைக் கணக்கில் இருந்து விலக்கிவிடலாம், ஆனால் அழைத்ததற்குப் பதிவு வேண்டும். பதில் போடாமல் விட்டால் அடுத்ததும் வரும். இன்னொன்று: சீனிக்கான இரத்தச் சோதனை (HbA1c) முடிவில் 58 என்று கண்டால் பயப்படாதையும். ஊரில் 7.5 சதவீதம் என்று எழுதித் தருவார்களே, அதுதான் இங்கே 58. அதற்குக் கீழே வைத்திருக்கத்தான் இந்தப் பாடெல்லாம்.

நான் இதைப் பழிக்க மாட்டேன். ஊரில் என் பெரியப்பாவுக்குக் காலில் புண் வந்து, விரலை எடுத்த பிறகுதான் வீட்டில் எல்லாரும் சீனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கும் சீனிதான். இங்கே ஒவ்வொரு வருசமும் நேர்ஸ் என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலோன் நூலால் பாதத்தைத் தொடுவா. தொட்டது தெரிந்தால் 'யெஸ்' சொல்ல வேண்டும். ஒரு வருசம் நான் வாயைத் திறக்காமல் காத்துக்கொண்டு இருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் நூல் இடது பெருவிரலில் வளைந்து நிற்குது. எனக்குக் காலில் நோவு எதுவுமே இருக்கவில்லை, நானாகப் போயிருக்கவும் மாட்டேன். அந்த நூலுக்குப் பின்னால் புள்ளி இருந்ததென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். 2009 ஆனி மாதம். அம்மாவை சீனிக்குச் செக் பண்ணக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாளில் சலரோகக்காரரிடம் மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்வி கேட்டால் அதற்கும் புள்ளி. நேர்ஸ் திரையைப் பார்த்து வாசித்தா: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததுண்டா? நான் தமிழில் சொன்னேன். வன்னியில் இருந்த மாமா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத மாதம் அது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை எண்டு சொல்லு" என்றா. சொன்னேன். ஒரு கிளிக். அடுத்தது, சிகரெட் குடிப்பாவா? கேள்வி கேட்டாச்சு, புள்ளி விழுந்திருக்கும். அந்த நேர்ஸ் நல்ல மனுசி. நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்திருந்தால் விளங்கியிருக்கும். 2013இல் அந்தக் கேள்விப் புள்ளியை எடுத்துவிட்டார்கள்.

எட்டு மணிச் சண்டைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் ஜீபியைப் பார்க்க வைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு இலக்கு வைத்தது. சில சேர்ஜரிகள் என்ன செய்தன? முன்கூட்டியே புக் பண்ணுகிறதையே நிறுத்திவிட்டன, அண்டண்டைக்குப் போன் எடுத்தால்தான் இடம். 2005 தேர்தல் நேரம் ஒரு பெண் இதை டிவியில் அப்போதைய பிரதமர் டோனி பிளேயரிடம் நேரே சொல்ல, மனுசன் கேள்விப்படாத மாதிரித் திகைத்துப்போனார்.

சரி, உம்முடைய இருமலுக்கு வருவோம். புதிதாகப் பிரஷர் குளிசை தொடங்கினதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர். பெட்டியை எடுத்துப் பாரும், றமிப்ரில் என்று இருக்கிறதா? சீனியும் பிரஷரும் சேர்ந்த ஆட்களுக்கு அதைத்தான் அதிகம் குடுப்பார்கள். சில பேருக்கு அதுவே வறட்டு இருமலைக் கொண்டுவரும், மாற்றுக் குளிசை இருக்குது. நீராக நிறுத்த வேண்டாம். அந்த ரெக்ஸ்டுக்குப் பதில் போட்டு நேர்ஸிடம் போம். விடிய எழும்பினதும் எடுத்த சலத்தை அவர்கள் தரும் போத்தலில் கொண்டுபோம், பெட்டியையும் கையில் எடுத்துக்கொள்ளும். அவ திரையில் இருக்கிற கேள்வி எல்லாம் முடித்த பிறகு, எழும்பாமல் இருந்து, "இந்த இருமல் இதாலையோ?" என்று கேளும். டொக்டரிடம் கேட்டுச் சொல்ல அவவால் முடியும். மூன்று கிழமை தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரிசெப்ஷனில் அந்த 'மூன்று கிழமை'யை முதல் வசனத்திலேயே சொல்லும்.