ஏசியை 24-ல் வைத்தால் கரண்ட் பில் ஏன் குறைகிறது?

யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். 75 வாட் மின்விசிறிக்கு ஒரு யூனிட் 13 மணி நேரம் வரும். நிற்காமல் ஓடும் ஒன்றரை டன் ஏசி அதை ஒரு மணிக்குள் தீர்த்துவிடும்.

சரி, 24 எதற்கு? டெல்டாக்காரர்களுக்கு வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். வயலில் தண்ணீர் எவ்வளவு உயரமாக நிற்கிறதோ, அவ்வளவு வேகமாக வளை வழியே வடியும். மோட்டாரை நிறுத்தவே முடியாது. அறையும் அப்படித்தான். வெளியே 38, உள்ளே 18 என்றால் சுவர், கதவிடுக்கு வழியாக வெப்பம் பாய்ந்து வரும். உள்ளே 24 என்றால் மெதுவாகத்தான் வரும். ஏசி அந்த வெப்பத்தைத்தான் ஓயாமல் வெளியே இறைக்கிறது.

பெரிய வளை மொட்டைமாடி. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது வெள்ளை அடியுங்கள். அப்புறம், 26-ல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விட்டால், எங்கள் பக்கத்துப் புழுக்கத்துக்கு அதுவே போதும்.

இன்வர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியை 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. அதன் கம்ப்ரஸர் ஓடும்போது ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 என்பது அது நிற்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.