தாவரப் பிசினும் நீடித்து வேலை செய்யும் மாத்திரையும்: கேள்வி பதில்

கேள்வி: கொத்தவரை விதைப் பிசின் (குவார் கம்) மருந்தை எப்படி மெதுவாக வெளிவிடுகிறது?

ஈரம் பட்டதும் மாத்திரையின் மேற்பரப்பில் உள்ள பிசின் உப்பி, கொழகொழவென்று ஜெல் படலமாகிவிடும். மருந்து அதை ஊடுருவித்தான் வெளியே வர வேண்டும். படலத்தின் வெளிப்புறம் கரைந்து போகப் போக, உள்ளே உலர்ந்திருந்த பகுதி உப்பத் தொடங்கும். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் போல நன்றாகக் கரையும் மருந்து பெரும்பாலும் ஊடுருவியே வரும். அவ்வளவாகக் கரையாத மருந்துக்கு ஜெல் அரிக்கப்பட்டால்தான் வழி.

கேள்வி: அப்படியானால் கம் அரபிக் (ஒருவகை வேல மரப் பிசின்) போதுமா?

போதாது. அதிகம் கரைத்தாலும் அவ்வளவாகக் கெட்டியாகாது. துகள்களை ஒட்டவைக்க நல்லது, அவ்வளவுதான்.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். குவார் மாத்திரையில் முதல் மணி நேரத்திலேயே மருந்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. மாத்திரையை அச்சில் அழுத்தும் அழுத்தத்தைக் கூட்டட்டுமா, சார்?

அழுத்தம் இங்கே பெரிதாக உதவாது தம்பி. ஜெல் உருவாவதற்குள் மேற்பரப்பு மருந்து கரைந்து ஓடுகிறது. முதலில் பிசினின் துகள் அளவைப் பாருங்கள்; நுண்ணிய தூள் சீக்கிரம் உப்பும். அப்புறம் பிசினின் விகிதத்தைக் கூட்டிப் பாருங்கள். லோகஸ்ட் பீன் பிசினும் (கேரப் மர விதைப் பிசின்) சாந்தன் பிசினும் சேர்ந்த கலவையும் நல்ல வழி: தனித்தனியே உறுதியான ஜெல் தராத இரண்டும் சேர்ந்தால் தரும். ஆனால் சாந்தன் பாக்டீரியா தருவது; ஆய்வுத் தலைப்பில் ‘தாவரப் பிசின்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நேரம் போகப் போக மருந்து எவ்வளவு வெளிவருகிறது என்று சொல்லும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டில், நேரத்தின் அடுக்கான n 0.6 வந்தது. என்ன அர்த்தம்?

உருளை வடிவ மாத்திரைக்கு 0.45-க்கும் 0.89-க்கும் இடையில் வந்தால் ஊடுருவலும் ஜெல் தளர்வதும் கலந்திருக்கின்றன என்று பொருள். முதல் 60 சதவீத மருந்து வெளிவரும் வரைதான் அந்தச் சமன்பாடு செல்லும். நூறு சதவீதம் வரை எல்லாப் புள்ளிகளையும் போட்டு n எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கேள்வி: அதே பிசின், அதே கம்பெனி. புது மூட்டை வந்ததும் மருந்து வெளிவரும் வேகம் மாறிவிட்டது. ஏன்?

இயற்கைப் பிசினின் பெரிய தலைவலியே இதுதான். விதையின் ரகம், விளைச்சல், அரைக்கும்போது ஏறும் சூடு எல்லாம் மூலக்கூறு நீளத்தை மாற்றும். அதோடு பாகுத்தன்மையும் (கரைசல் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) மாறும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பாகுத்தன்மையைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சதவீதக் கரைசல் செய்து, ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் ஊறவிட்டு அளவெடுங்கள். குளிர்ந்த நீரில் குவார் முழுதாக உப்ப ஓரிரு மணி நேரம் ஆகும்; அவசரப்பட்டால் நல்ல சரக்கும் மட்டமாகத் தெரியும். கிருமி எண்ணிக்கையைக் குறைக்கக் காமா கதிர் காட்டியிருந்தால் சங்கிலிகள் அறுந்து பாகுத்தன்மை இறங்கும், அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு விழுங்க முடியவில்லை. இந்த வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக ஒரே சமயத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். மருத்துவரிடம் சொன்னால் திரவ மருந்தோ வேறு வடிவமோ உண்டா என்று பார்த்து மாற்றித் தருவார்.