வன்னியில் ஒரு சிறிய ஆடை வணிகம் உள்ளூர்க் காட்டுயிர் பாதுகாப்புக்குப் பணம் கொடுத்தால் அது பயன்படுமா?

கேள்வி கேட்டவர் இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள கிளிநொச்சியில் சில தையல் இயந்திரங்களை வைத்து உடுப்புத் தைத்து விற்கிறார். வருமானத்தில் ஒரு பங்கை இங்குள்ள யானைகளுக்கும் பறவைகளுக்கும் காட்டுக்கும் பயன்படும்படி கொடுக்க விரும்புகிறார். இவ்வளவு சிறிய தொகையால் ஏதாவது நடக்குமா, யாரிடம் கொடுப்பது, விலங்குப் படம் அச்சிட்ட ரீ-சேர்ட் விற்பது உதவுமா என்பவை அவருடைய கேள்விகள். நான் மல்லாவிப் பக்கத்தில் வேறு சில பெண்களுடன் சேர்ந்து பள்ளிச் சீருடைகளும் பெண்களுக்கான உடுப்புகளும் தைத்து விற்கிறேன். விற்பனையில் ஒரு பங்கை இதே நோக்கத்துக்காக ஒதுக்கியும் வருகிறேன். ஆகையால் செய்து பார்த்தவற்றையும் அறிந்தவற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

பயன்படும் என்பதே என் பதில். சிறிய தொகை நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. யானையோ கரடியோ வந்து போன பிறகு அதன் செலவைத் தனியாகச் சுமக்கிற கமக்காரரின் காணிதான் அது. வணிகர்கள் பெரும்பாலும் தங்கள் பணம் நேராக விலங்கிடம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறார்கள். எங்கள் ஊர்களில் ஒரு விலங்கு சாவதும் பிழைப்பதும் அதனால் இழப்படைந்தவர் அடுத்த நாள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது என்பதால், அவருடைய இழப்பைக் குறைப்பதற்குக் கொடுக்கும் பணமே விலங்கையும் காக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. அண்மைய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 300க்கு மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்து வருகிறார்கள். வன்னியில் இந்த யானை–மனித மோதலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. போர் 2009 இல் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபோது, ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த வயல்களும் தோட்டங்களும் பற்றைக் காடாகியிருந்தன. யானைகள் அவற்றில் நடமாடிப் பழகியிருந்தன. அப்படிக் காடாகிப்போன காணிகளில் ஒரு பகுதி அரசின் ஒதுக்கக் காடுகளின் எல்லைக்குள் அடங்கியும் விட்டது. அதனால் காட்டுயிர் பாதுகாப்பு என்று யார் வந்து பேசினாலும், “எங்கட காணிக்கு எல்லைக் கல்லுப் போட வந்தவையோ?” என்ற ஐயமே முதலில் எழுகிறது. அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. இதை மனத்தில் வைக்காமல் தொடங்கும் எந்த உதவியும் ஊருக்குள் வேர் பிடிக்காது.

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்தியது. பின்னர் ஊரவர்கள் அதை அடித்துக் கொன்றார்கள். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது, சிலர் கைது செய்யப்பட்டார்கள். கொன்றவர்களைக் கண்டிப்பது எளிது. ஆனால் அச்சத்தில் நிற்கும் ஊருக்கு உதவி உரிய நேரத்தில் வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கை ஓங்காமல் காத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையைச் சிறிது சிறிதாகக் கட்டுவதற்கு ஓர் உடுப்புக் கடையின் பணம்கூடப் போதும்.

இனி நான் மிக விரும்பிச் செய்யும் வேலைக்கு வருகிறேன்: கிணற்றுக் கட்டு, அதாவது கிணற்று வாயைச் சுற்றி எழுப்பும் சுவர். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற பகுதிகளின் காட்டோரத் தோட்டங்களில் கட்டில்லாத கிணறுகள் நிறைய இருக்கின்றன. இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வராத வளவுகளில் பற்றை மூடிக் கிடக்கும் பாழுங்கிணறுகளும் இருக்கின்றன. வறட்சிக் காலத்தில் தண்ணீர் தேடியும் இரவில் பயிரை நோக்கியும் வரும் யானைகள், குறிப்பாகக் குட்டிகள், இவற்றுக்குள் விழுகின்றன. மானும் மாடும் விழுகின்றன. சில வேளைகளில் மனிதரும் விழுகிறார்கள். யானை விழுந்தால் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணற்றின் ஒரு பக்கத்தை இடித்துச் சரிவு வெட்டி, அது ஏறிப் போக வழி செய்வார்கள். யானை காட்டுக்குள் போய்விடும், செய்தியும் முடிந்துவிடும். கமக்காரருக்கு மிஞ்சுவது இடிந்த கிணறும் தண்ணீர் இல்லாத மிளகாய்த் தோட்டமும்தான். அடுத்த முறை ஒரு யானை விழுந்தால் அவர் தகவல் கொடுக்கத் தயங்குவார் என்றால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனவே ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி புதிய கட்டு எழுப்புவதற்கும், இன்னொரு பகுதி மீட்புப் பணியில் இடிந்த கிணற்றைத் திருத்துவதற்கும் இருக்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. என் பார்வையில் அதுவே மிக அவசியமானது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 16 அடி விட்டமுள்ள கிணற்றின் சுற்றளவு ஏறத்தாழ 50 அடி. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல் என்றால் ஒரு வரிக்கு 38 கல் வரை தேவைப்படும். ஐந்து வரி எழுப்பினால் 190 கல், உயரம் மூன்றேகால் அடியைத் தாண்டும். இதற்குமேல் அத்திவாரம், சீமெந்து, மணல், மேசன் கூலி ஆகியவை வரும். மதம் பிடித்த யானையை இந்தக் கட்டு நிறுத்தாது. இருட்டில் தெரியாமல் கால் வைக்கும் குட்டியை நிறுத்தும். கல் ஏற்றி இறக்குவதையும் தண்ணீர் இறைப்பதையும் கிணற்றுக்காரரும் அயலவரும் செய்தால் செலவு நன்றாகக் குறைகிறது. தங்கள் கை பட்ட கட்டை அவர்களே பார்த்தும் கொள்கிறார்கள். ஆளில்லாத காணியிலுள்ள கிணறு என்றால் உரிமையாளரிடமோ உறவினரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கி, கிராம அலுவலருக்கும் அறிவித்த பிறகே கல் இறக்க வேண்டும்.

மின்வேலி பற்றியும் கேட்பார்கள். யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு, யானை–மனித மோதலைக் குறைப்பதற்காக 2020 இல் தயாரித்த தேசியச் செயற்றிட்டம், காட்டின் நிர்வாக எல்லையில் வேலி போடுவதை விட ஊரைச் சுற்றியும், பயிர்க் காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் மின்வேலி போடுவதையே வலியுறுத்துகிறது. அறுவடை முடிந்ததும் வயல்வேலியை எடுத்துவிடுவதால் யானைகள் அறுவடைக்குப் பின் மிஞ்சும் அரிதாளை மேய முடிகிறது. ஒரு வேலியின் முழுச் செலவையும் சிறிய கடை தாங்காது. ஏற்கெனவே வேலி போட்டிருக்கும் கமக்காரர் அமைப்புக்குப் பற்றரி மாற்றுவதற்கோ உடைந்த கட்டைகளை மாற்றுவதற்கோ உதவலாம். பராமரிப்பு நின்றுபோன வேலி யானைக்கு ஒரு தடையே அல்ல.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் நான் கண்டிப்பானவள். இலாபத்திலிருந்து கொடுப்போம் என்று முடிவெடுத்தால் கொடுக்கவே முடியாது. நூல் விலை, மின்சாரக் கட்டணம், பழுதான மோட்டார் என்று எல்லாம் போன பிறகு சிறிய கடையில் இலாபம் என்று தனியாக எதுவும் மிஞ்சாத மாதங்கள் உண்டு. விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்காவின் பட்டகோனியா ஆடை நிறுவனம் 1985 முதல் விற்பனையில் நூற்றுக்கு ஒன்றைச் சுற்றாடலுக்கு ஒதுக்கி வருகிறது. அதன் நிறுவுநர் இவோன் சுயினார்ட் 2002 இல் இன்னொரு வணிகருடன் சேர்ந்து அந்த முறையைப் பிற நிறுவனங்களுக்கும் உரிய இயக்கமாக்கினார். அவர்களின் அளவு வேறு, எங்கள் அளவு வேறு. ஆனாலும் அந்த விதி எங்களுக்கும் பொருந்துகிறது. 2,000 ரூபா உடுப்புக்கு நூற்றுக்கு மூன்று என்றால் 60 ரூபா. அதை விலை குறிக்கும்போதே தைப்புக் கூலியைப் போல ஒரு செலவாகச் சேர்த்து, விற்ற அன்றே தனிப் புத்தகத்தில் எழுதி, வேறு வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். மாதம் 100 உடுப்பு விற்றால் ஆண்டுக்கு 72,000 ரூபா சேர்கிறது.

இங்கே பருவத்தையும் கவனியுங்கள். எங்களுக்குக் கை நிறைய வேலை வருவது தீபாவளி, புதிய பாடசாலை ஆண்டு, காலபோக அறுவடைக்குப் பிந்திய மாதங்கள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் ஆகிய காலங்களில்தான். கிணற்றுக் கட்டு வேலைக்கு ஏற்ற காலமோ தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஆடி, ஆவணி. மழை தொடங்கினால் காட்டோரத்துக்குக் கல் லொறி போகாது. எனவே நல்ல விற்பனைக் காலத்துப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து கோடையில் செலவிடும் ஒழுங்கு வேண்டும். நடுவில் துணி வாங்க அதிலிருந்து கைமாற்று எடுக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அந்த நிதி அதோடு முடிந்துவிடும்.

யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, தனி ஆளிடம் வேண்டாம் என்பேன். கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவை பதிவு செய்யப்பட்டவை; அவற்றுக்கு வங்கிக் கணக்கும் கூட்ட அறிக்கைப் புத்தகமும் இருக்கின்றன. எந்தக் கிணறு முதலில் என்பதை அவர்களின் கூட்டம் தீர்மானிக்கட்டும். நீங்கள் பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, வரவு செலவை உங்கள் கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள். காட்டுக்குள் அல்லது சரணாலயத்துக்குள் எந்த வேலையையும் சொந்த விருப்பத்தில் தொடங்கக் கூடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, காயப்பட்ட விலங்கை நாமே பராமரிக்க முற்படுவதும் சட்டச் சிக்கலைத் தரும். கண்ணிவெடி அகற்றப்படாத இடமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு அறிவிப்புப் பலகை தெரியவில்லை என்பது மட்டும் போதுமான உறுதி அல்ல.

கரையோரத்தில் உதவ நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010 இல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மாரியில் பூநாரைகள் வந்து நிற்கும் அந்த நீர்ப்பரப்புகளைக் காண்பவர்களுக்கு உடனே தோன்றுவது கண்டல் நடலாம் என்பதே. படத்துக்கும் நன்றாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் சுனாமிக்குப் பின் நாட்டின் 23 இடங்களில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேயரைச் சற்றுத் தாண்டிய அளவே பிழைத்தது என்றும், ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும் காட்டியது. பொருந்தாத நிலத்தில் நட்டதும் பிறகு பார்க்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள். இருக்கும் கண்டற்காட்டை வெட்டாமல் காப்பதற்கு மீனவர் சங்கம் ஏதாவது முயற்சி எடுத்தால் அதற்குக் கொடுங்கள். புதிதாக நடுவதற்கு, அந்த மண்ணையும் உப்புத்தன்மையையும் அறிந்தவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

விலங்குப் படம் பற்றி. அழகாக வரைந்து அச்சிட்டால் விற்கும். நானும் பூநாரையைப் பூவேலையில் தைத்துக் கொடுக்கிறேன். ஆனால் “இந்தச் சட்டை ஒரு யானையைக் காக்கும்” என்று எழுதாதீர்கள், அது பொய். எந்த ஊரில் எந்த வேலைக்கு எத்தனை ரூபா போகிறது என்று ஒட்டுச்சீட்டில் எழுதினால் போதும். அதன் பின்புறத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கமான 1992 ஐ அச்சிடுங்கள். எங்கள் வெட்டுத்துண்டுகளில் தைக்கும் துணிப் பைகளில் அந்த இலக்கத்தைப் பெரிதாகப் போடுகிறோம், ஏனெனில் சீருடை வாங்கும் வீடுகளில் பாதி காட்டோர வீடுகள். அந்தப் பை பொலித்தீன் பைக்கு மாற்றாகவும் இருக்கிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கை உண்டு யானைகள் இறந்த செய்தியை எல்லாரும் அறிவோம். துணிக்கு நீங்களே சாயம் போடுபவர் என்றால், சாயத் தண்ணீரைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ விடாமல் இருப்பது எந்த நன்கொடைக்கும் முன்னே செய்ய வேண்டியது.

நீங்கள் நூற்றுக்கு எத்தனை என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். முதலில் உங்களுக்கு அருகிலுள்ள காட்டோரக் கிராமமொன்றின் கமக்காரர் அமைப்புச் செயலாளரைச் சந்தித்து, கட்டில்லாத கிணறுகளின் பட்டியலைக் கேளுங்கள். அதில் அவர்கள் முதலாவதாகக் காட்டும் கிணற்றுக்கு ஒரு மேசனிடம் மதிப்பீடு எடுத்து, அந்தத் தொகையை உங்கள் ஓராண்டு விற்பனையால் பிரித்துப் பாருங்கள். வரும் வீதம் உங்கள் கடைக்குத் தாங்கும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு கிணறு என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.